கல்லைத் தின்று வாழும் உயிர்

பெங்களூரை அடுத்த சந்தாபுரா சிக்னலில் ஓசூர் சாலையை விட்டு விலகி, ஆனேக்கல் ஊரையும் தாண்டிப் போனால், முத்யால மடுவுப் பக்கம் பாறைகள் தலைகாட்டத் தொடங்கும். ராகிக் கொல்லைகளுக்கு நடுவே மொட்டையாகக் கிடக்கும் கருஞ்சாம்பல் பாறைகள். மேலே மண் கிடையாது. மழை பெய்தால் ஒரு சொட்டும் நிற்காமல் வழிந்தோடிவிடும். ஏப்ரல் வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. கல்லின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். மார்கழி விடியலில் அதே கல் சில்லிட்டுக் கிடக்கும். வேர் விட இடமில்லை, குடிக்க நீரில்லை, ஒதுங்க நிழலில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் "வெறும் பாறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பாறையின் நிறம் என்று தூரத்திலிருந்து நாம் நினைப்பதில் பாதி, பாறையின் நிறமே இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த வட்டங்கள், ஓரம் சுருண்ட சின்னச் சின்ன மடல்கள், மஞ்சள் பொட்டுகள், தார் சிந்தியதுபோல் கருந்திட்டுகள். விரலால் தடவினால் சொரசொரக்கும். நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். கோடையில் அங்கே போயிருந்தபோது ஒரு சாம்பல் வட்டத்தின் மேல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "என்னா சார், கல்லுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் அந்தச் சாம்பல் வட்டம் பச்சையாக மாறிவிட்டது. காய்ந்த காகிதம்போல் இருந்தது, மெத்தென்று மடல் விரித்துக்கொண்டது. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "மழ வந்தா மொத்தப் பாறையும் இப்படித்தான் சார் ஆகும். ஒரு நாளு இருக்கும். அப்புறம் பழையபடி தூங்கிரும்."

தூங்கிவிடும் என்று அவர் சொன்னதுதான் விஞ்ஞானமும் சொல்வது. இந்த உயிருக்கு லைக்கன் என்று பெயர். உடம்பிலிருக்கும் நீரெல்லாம் போய், சருகாய்க் காய்ந்து, மூச்சும் செரிமானமும் நின்று, மாதக்கணக்கில் கிடக்கும். நாம் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் நிலை அது. பிறகு நீர் பட்டால் சில நிமிடங்களில் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். மழைகூட வேண்டாம். பச்சைப் பாசியோடு கூடிய பல லைக்கன்களுக்கு விடிகாலைப் பனியின் ஈரம் போதும். அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் ஒன்றிரண்டு மணி நேரம் உணவு தயாரித்துக்கொள்ளும்; பிறகு மறுபடி உறக்கம். வருடத்தில் அது விழித்திருக்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் வாழ்ந்து, வளர்ந்து, சந்ததியும் விட்டுப் போகிறது.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது. லைக்கன் ஓர் உயிரே அல்ல. இரண்டு உயிர்கள் சேர்ந்த கூட்டு. ஒன்று பூஞ்சை, இன்னொன்று பாசி. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது, பாசி சமைத்துப் போடுகிறது. பூஞ்சைக்குச் சூரிய ஒளியில் உணவு செய்யத் தெரியாது. பாசிக்கு அந்த வெயிலில் ஒரு நாள் தனியாக நிற்க முடியாது. தனித்தனியே அந்தப் பாறையில் இரண்டுமே அழிந்துபோகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிமோன் ஷ்வெண்டனர் 1867இல் இதை முதலில் சொன்னபோது, அன்றைய பெரிய லைக்கன் அறிஞர்கள் கோபப்பட்டார்கள், கேலி செய்தார்கள். ஓர் உயிர் இரண்டாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1877இல், உயிர்களின் கூட்டுவாழ்வு என்ற கருத்துக்கே லைக்கனை வைத்துத்தான் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஃபிராங்க் பெயர் சூட்டினார். 2016இல் டோபி ஸ்பிரிபில் என்பவரின் குழு பல லைக்கன்களின் தோலுக்குள் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் வகையும் குடியிருப்பதைக் கண்டது. இன்னும் தோண்டத் தோண்ட ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வலுத்தது மட்டுமே பிழைக்கும் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள், பூமியிலேயே மிகக் கடுமையான இடங்களில் பிழைத்திருப்பது யார் என்று வந்து பார்க்கட்டும். தனியாக ஒன்றுக்கும் ஆகாத இரண்டு எளிய உயிர்கள் அவை.

அவை உட்கார்ந்திருக்கும் கல்லின் வயதையும் சொல்ல வேண்டும். பெங்களூரின் அடியில் இருப்பது தீபகற்ப நைஸ் என்னும் பாறை. மைசூர் சமஸ்தானத்து நிலவியல் துறையின் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1916இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் குன்று அந்தப் பாறைதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வயது சுமார் 300 கோடி ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் அந்தக் கல், இமயமலை எழுவதற்குப் பல யுகங்களுக்கு முன்பே இங்கே இருந்தது. அவ்வளவு பழைய, அவ்வளவு இறுகிய கல்லை லைக்கன் மெதுவாகத் தின்கிறது. அமிலத்தைக் கசிந்து கல்லின் தாதுக்களைக் கரைக்கிறது. பூஞ்சையின் நூலிழைகள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களில் இறங்கி, ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கி, துகள் துகளாகப் பெயர்த்தெடுக்கின்றன. அந்தத் துகளும் செத்த லைக்கனும் சேர்ந்துதான் பாறையின் மேல் முதல் பிடி மண். அதில் பாசம் வரும், பிறகு புல் வரும். மழைக்காலத்தில் இந்தப் பாறைப் பள்ளங்களில் பூச்சி பிடித்துண்ணும் டிரோசெரா என்னும் விரற்கடைச் செடி பூக்கும். பாறை ஓணான் அங்கே குடித்தனம் நடத்தும். இணை தேடும் காலத்தில் ஆண் ஓணான் சில நிமிடங்களில் நிறம் மாற்றிக்கொள்வதை இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளில் வைத்தே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பேருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்து வைத்தது லைக்கன்.

இங்கிருந்து வடதுருவத்துக்குப் போவோம். தூந்திரப் பகுதி என்று புவியியல் புத்தகத்தில் படித்திருப்போம். மரமில்லாத குளிர்வெளி. மண்ணுக்கடியில் வருடம் முழுதும் உருகாத உறைநிலம். ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்த்தே பல இடங்களில் 25 சென்டிமீட்டரைத் தாண்டாது. செடி வளர்வதற்கு இரண்டு மாதம்போல் கிடைக்கும். ஆனேக்கல் பாறைக்கும் அந்தப் பனிவெளிக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். இங்கே மழை பெய்தும் நீர் நிற்பதில்லை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நீரே பரந்து கிடந்தும் உறைந்து போயிருப்பதால் குடிக்க முடிவதில்லை. உயிருக்கு இரண்டும் ஒரே வறட்சிதான். அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே குடியானவன் வாய்த்திருக்கிறான். பூமியின் தரைப்பரப்பில் சுமார் 7 சதவீதம் லைக்கன்களின் ஆட்சியில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு தூந்திரம்.

அங்குள்ள லைக்கன்களில் முக்கியமானது, பவளக்கொடிபோல் கிளைத்து வெளிர்சாம்பல் நிறத்தில் மெத்தை மெத்தையாக வளரும் ஒரு வகை. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ரெயின்டீர் எனப்படும் பனிமானுக்குக் குளிர்காலம் முழுதும் அதுதான் சாப்பாடு. குளம்பால் பனியைத் தோண்டி அடியிலிருந்து எடுத்துத் தின்னும். இருள் மண்டிய அந்த மாதங்களில் அது எப்படி உணவைக் கண்டுபிடிக்கிறது? பனிமானின் விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் படலம் கோடையில் பொன்னிறமாக இருந்து குளிர்காலத்தில் நீலமாக மாறுகிறது. கொஞ்ச வெளிச்சமும் வீணாகாமல் கண்ணுக்குள் நிற்கிறது. நம்மால் பார்க்க முடியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். பனி அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, லைக்கன் அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நம் கண்ணுக்கு வெள்ளைமேல் வெளிறிக் கிடப்பது, அதன் கண்ணுக்கு வெள்ளைமேல் கறுத்துத் தெரிகிறது. உணவையும் படைத்து, அதைக் காணும் கண்ணையும் படைத்து, பருவத்துக்குத் தக்கபடி அந்தக் கண்ணை மாற்றியும் கொடுத்த கை எது என்று எண்ணும்போது எனக்குப் பேச்சு எழுவதில்லை.

லைக்கனை மனிதனால் நேரடியாகத் தின்று வாழ முடியாது. நம் வயிறு அதைச் செரிக்காது. பனிமானின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் வரை பரவி வாழும் சாமி மக்கள், பனிமானின் இறைச்சியை உண்டு, தோலை உடுத்து வாழ்ந்தவர்கள். வருடத்தை நான்கு பருவமாகப் பார்த்தால் அவர்களுக்குப் போதாது; எட்டுப் பருவமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். மந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பருவம். கோடையில் லைக்கன் காய்ந்து மொறுமொறுத்து இருக்கும். அப்போது மந்தை மிதித்தால் நொறுங்கிப் போகும். நொறுங்கினால் மீண்டு வர இருபது, முப்பது வருடங்கள் ஆகும். அதனால் கோடையில் மந்தையை அங்கே வைத்துக்கொள்ளாமல் கடற்கரைக்கோ மலைக்கோ ஓட்டிப் போய்விடுவார்கள். குளிர்கால மேய்ச்சல் நிலம் அதுவரை ஆளரவமில்லாமல் ஓய்வெடுக்கும். சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் நெனெட்ஸ் மக்கள் இதற்காகவே தோல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம்பெயர்கிறார்கள். கடுமையான நிலத்தை அடக்கி ஆள்கிறோம் என்ற பேச்சே அவர்களிடம் கிடையாது. அந்த நிலத்தின் நிதானத்துக்குத் தங்கள் நடையை இசைத்துக்கொண்டார்கள், அதனால் அது அவர்களுக்குச் சோறு போட்டு வந்தது.

தென்துருவத்தில் மனிதக்குடியே கிடையாது. அண்டார்க்டிகாவுக்கே உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. லைக்கன் இனங்களோ 300க்கும் மேல். 1989இல் நம் நாடு மைத்ரி ஆய்வு நிலையத்தை அமைத்த ஷிர்மாக்கர் பாறைவெளியிலும் அவை இருக்கின்றன. இந்திய விஞ்ஞானிகள் அங்கே தவழ்ந்து தவழ்ந்து அவற்றைப் பட்டியலிட்டார்கள். அங்கேயே வேறொரு மூலையில், மெக்மர்டோ உலர்பள்ளத்தாக்குகள் என்று ஓர் இடம். பனிகூடத் தங்காத குளிர்ப் பாலைவனம். கல்லின் மேற்பரப்பில் எந்த உயிரும் தெரியாது. இம்ரே ஃபிரீட்மான் என்ற அறிஞர் 1970களில் அந்த மணற்கற்களை உடைத்துப் பார்த்தார். மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே, கல்லின் மணிகளுக்கு நடுவே, பச்சையும் கறுப்புமாக வரிவரியாக லைக்கன் வாழ்ந்துகொண்டிருந்தது. கல்லை ஊடுருவி வரும் மங்கிய வெளிச்சம், எப்போதோ உருகும் பனியின் ஈரம், இவ்வளவுதான் அதற்குக் கிடைப்பது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடவுளைச் சொல்வதுண்டு. தேரையைப் பற்றி எனக்குத் தெரியாது. இதை உலகம் உடைத்தே பார்த்துவிட்டது.

பூமியை விட்டே போனால்? அதையும் பார்த்துவிட்டார்கள். 2005 மே 31 அன்று ஃபோட்டான்-எம்2 என்னும் ரஷ்ய விண்கலத்தில், ஸ்பெயின் நாட்டு லியோபோல்டோ சாஞ்சோவின் குழு இரண்டு வகை லைக்கன்களை ஏற்றி அனுப்பியது. விண்வெளியில் கலத்தின் மூடி திறந்தது. காற்றில்லாத வெற்றிடம், தடுப்பில்லாத சூரியக் கதிர், எலும்பை உறைய வைக்கும் குளிர். ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படியே இருந்தன. திரும்பி வந்ததும் தண்ணீர் காட்டினார்கள். ஒரு நாளைக்குள் இரண்டும் முன்புபோலவே ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கின. ஒட்டி வளர்ந்திருந்த கல்லோடுதான் போய்விட்டு வந்தன.

இவ்வளவு வல்லமையுள்ள உயிர் நம் அடுக்களையிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. செட்டிநாட்டுக் குழம்புக்குப் பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கோடு ஒரு சிட்டிகை கல்பாசி போடுவோமே, அது லைக்கன்தான். சந்தாபுரா மளிகைக் கடைகளில் கல்லு ஹூவு என்று கன்னடத்திலும் கேட்டு வாங்கலாம். கையில் எடுத்தால் ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கறுப்பு. எடை என்றே ஒன்று இருக்காது. முகர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் அதன் மணம் எழும். மழை நனைத்த காட்டின் மணம். மகாராஷ்டிரத்தில் கோடா மசாலாவுக்கும் அதுவே உயிர். இதைத் தோட்டம் போட்டு வளர்க்கும் வழக்கம் கிடையாது. மலைக்காட்டில் மரப்பட்டையிலும் பாறையிலும் தானாக வளர்ந்ததை யாரோ போய் எடுத்துவர வேண்டும்.

அப்படி எடுத்துவருபவர்களில் சோலிகர் உண்டு. சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் ஆதிவாசிகள். தேன், நெல்லி, சீயக்காய் இவற்றோடு பாசியும் சேகரித்துப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பது அவர்களின் பரம்பரைத் தொழில். காட்டைப் பாதுகாக்கிறோம் என்று 2000களின் நடுவில் அரசு அவர்கள் சேகரிப்பதற்குத் தடை போட்டது. வன உரிமைச் சட்டம் வந்து, 2011இல் அவர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அந்த உரிமை கிடைத்தது நாட்டில் அதுவே முதல் முறை. என் மனத்துக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது. எவ்வளவு எடுத்தால் அடுத்த வருடமும் இருக்கும் என்பது, ஒவ்வொரு வருடமும் அதே மரத்துக்குத் திரும்பப் போகிறவனுக்குத்தான் தெரியும். சாமியும் சோலிகரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மெதுவாக வளரும் ஓர் உயிரோடு வாழ்வது எப்படி என்று இருவருக்கும் ஒரே ஆசான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இனி எழுதப்போவது எனக்கு வலிக்கிற விஷயம். சந்தாபுராவில் ஓசூர் சாலை ஓரத்து மரங்களில் நான் லைக்கனைத் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஒரு பக்கம் ஜிகணி, தெற்கே அத்திப்பள்ளி, எல்லாம் தொழிற்பேட்டைகள். நடுவில் இரவு பகல் ஓயாத லாரி வரிசை. மரப்பட்டைகளில் புழுதியும் கரியும் அப்பியிருந்தன. புகையைத் தாங்கும் ஓரிரு இனங்கள் ஆங்காங்கே பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். முத்யால மடுவுப் பக்கத்து மரங்களிலும் பாறைகளிலும் கண்ட வளம் அங்கே இல்லை. விண்வெளியின் வெற்றிடத்தில் இரண்டு வாரம் இருந்து பிழைத்து வந்த உயிர்க்குலம், நம் சிக்னல் ஓரத்தில் குடியிருக்க முடியாமல் போய்விட்டது.

ஏன் என்று பார்த்தால், அதன் வலிமை எதுவோ அதுவே காரணம். லைக்கனுக்கு வேர் இல்லை. இலைகளுக்கு இருப்பதுபோல் மெழுகுத் தோல் இல்லை. உடம்பு முழுவதையும் திறந்து வைத்துக்கொண்டு, காற்றும் மழையும் பனித்துளியும் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறது. வெறும் பாறையில் பிழைக்க வேறு வழி கிடையாது. சுத்தமான காற்று கொண்டுவருவது அதற்கு உணவு. புகை கலந்த காற்று கொண்டுவருவது கந்தக டை ஆக்ஸைடு. வாங்கியதை வெளியே தள்ளவும் அதற்குத் தெரியாது. காய்ந்து உறங்கும்போது எதையும் தாங்கும் உயிர், விழித்து நீர் குடிக்கும்போது அந்த நீரிலுள்ள நஞ்சையும் சேர்த்துக் குடித்துச் சாகிறது.

1986 ஏப்ரல் 26இல் உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது இதே குணம் சாமி மக்களைப் பிடித்து ஆட்டியது. காற்றோடு வந்த கதிரியக்க சீசியம், மழையில் இறங்கி ஸ்காண்டிநேவியாவின் லைக்கன் வெளிகளில் படிந்தது. லைக்கன் உறிஞ்சியது, பனிமான் தின்றது, அடுத்து வந்த குளிர்காலத்தில் ஸ்வீடனில் அறுத்த பனிமான்களில் பெரும்பகுதியை மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்க வேண்டி வந்தது. அணு மின்சாரத்தையே நம்பி வாழாத ஒரு மேய்ச்சல் குலம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பழியைச் சுமந்தது. இன்று அவர்கள் தலைமேல் நிற்பது வேறொன்று. வடதுருவம் உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. குளிர்காலத்தில் பனி விழ வேண்டிய நேரத்தில் மழை விழுகிறது. அந்த ஈரம் உறைந்து லைக்கன் மேல் கட்டிப் பனியாக மூடிவிடுகிறது. பனிமான் குளம்பால் உடைக்க முடிவதில்லை. 2013 நவம்பரில் யமாலில் அப்படி மழை பெய்து உறைந்ததில், அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் 61,000 பனிமான்கள் பட்டினியால் செத்தன. உணவு சாணளவு கீழே இருந்தது.

இதையெல்லாம் படிக்கப் படிக்க ஒன்று எனக்கு உறுதியாகிறது. கடுமையான இடம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை. ஒன்று, படைத்தவன் கடுமையாகப் படைத்தது: துருவம், பாலை, மொட்டைப் பாறை. அங்கெல்லாம் உயிருக்கும் ஒரு வழி வைத்தே படைத்திருக்கிறான். மனிதனும் பொறுமையாக அந்த வழியைக் கற்றுக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். இன்னொன்று, நாம் கடுமையாக ஆக்கியது. அங்கே வழி எதையும் நாம் வைக்கவில்லை. சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு அந்தத் தொகை ஏன் அவ்வளவு பெரியது என்று விளக்கத் தேவையில்லை. நல்ல மழையும் மிதமான வெயிலும் உள்ள, உயிர் தழைக்க எல்லாம் அமைந்த ஊரில், ஒரு நீர்நிலையைத் தூந்திரத்தைவிடக் கடுமையானதாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

பாறைகளின் கதையும் இதுதான். ஜிகணியில் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனேக்கல், கனகபுரா, கிருஷ்ணகிரி என்று சுற்றுவட்டாரத்திலேயே கல்குவாரிகள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த நம் மக்கள் பலர் அந்தத் தூசியில்தான் பிழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடு கட்டக் கல் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் எந்தக் குன்றை விட்டுவைப்பது என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டாமா? துருவப் பகுதிகளில் பாறை லைக்கன்களின் அகலத்தை அளந்து, பனியாறு எப்போது விலகியது என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் ரோலண்ட் பெஷல் 1950இல் ஏற்படுத்திக் கொடுத்த முறை அது. அங்கே வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழும் இனம் உண்டு. நம் பாறைகளின் மேல் இருப்பவற்றின் வயதை யார் அளந்தார்கள்? அளப்பதற்கு முன்னால் வெடி வைத்துவிடுகிறோம். அந்தக் கல்லை மெருகேற்றி அடுப்பு மேடையாகப் போட்டு, அதன் மேல் நின்று கல்பாசி தாளிக்கிறோம்.

நம்பிக்கை கொள்ளவும் காரணம் இருக்கிறது. பாரிஸ் நகரத்து லக்ஸம்பர்க் தோட்டத்தில் வில்லியம் நைலாண்டர் என்பவர் 1866இல் லைக்கன்களைப் பட்டியலிட்டு, காற்று எவ்வளவு சுத்தம் என்பதை இவற்றை வைத்தே அளக்கலாம் என்று எழுதினார். முப்பது வருடத்தில் நிலக்கரிப் புகை பெருகி, அவர் கண்ணெதிரிலேயே அவை அந்தத் தோட்டத்தைவிட்டு மறைந்துபோயின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் கந்தகப் புகை குறைந்தது. 1991இல் வெளிவந்த ஆய்வு, அதே தோட்டத்து மரங்களில் லைக்கன்கள் மறுபடி குடியேறியிருப்பதைப் பதிவு செய்தது. யாரும் நட்டு வைக்கவில்லை. காற்று கொஞ்சம் தெளிந்தது, அவை தாமாகவே வந்து சேர்ந்தன.

சந்தாபுராவிலும், ஓசூரிலும், பெங்களூரின் எந்த மூலையிலும் இருக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரு மரத்தருகே நின்று, பட்டையை உற்றுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்து லால்பாக் பாறைக்கு அழைத்துப் போங்கள். சாம்பல் வட்டத்தின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுங்கள், கீறிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். உங்கள் பஞ்சாயத்தில் ஏதாவது ஒரு குன்றுக்குக் குவாரி உரிமம் என்று பேச்சு வந்தால், அந்தக் கூட்டத்துக்குப் போய், அந்தப் பாறையின் மேல் உயிர் இருக்கிறது என்று எழுந்து சொல்லுங்கள்.